பார்க்காமல் விட்ட ஐந்து ஞாயிறுகள்

நாலு மணிக்கு நாற்பது பேர் வரப்போகிறார்கள், மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது, தாத்தாவின் நினைவுக் கூட்டத்தில் நான் எழுதிப் படிக்க வேண்டிய பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது. "என் தாத்தா நல்ல மனிதர். பாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார்." இதைப் போய்ப் படித்தால் முன்வரிசையே கொட்டாவி விடும்.

"பம்பரம், முடிச்சியா இல்லையா?" கூடத்தில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்த அத்தை கேட்டாள். ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்று தாத்தா வைத்த பெயர் அது. வீட்டில் என் நிஜப் பெயர் எல்லாருக்கும் மறந்தே போச்சு.

"முடியப் போகுது அத்தை."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்ற. அஞ்சு வாரம் டைம் குடுத்தேன். உங்க தாத்தாவா இருந்தா இந்நேரம் ஒரு பாலமே கட்டியிருப்பார்."

"தாத்தா எங்க கட்டினார்? கட்டினவங்களைத்தான் திட்டினார்."

அப்பா சிரித்துவிட்டார். ஐந்து வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தாத்தா முப்பத்தாறு வருடம் நகராட்சியில் கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களைப் போய்ப் பார்த்து, இது நிற்கும், இது நிற்காது, இதில் இருக்கிற ஆளை இன்றைக்கே இறக்கு என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஆபீஸில் அவருக்கு 'விரிசல் சார்' என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரை நலம் விசாரித்துவிட்டுத்தான் மனிதரை விசாரிப்பார். அத்தைக்குக் கல்யாணம் பேசப் போன வீட்டில், "பையன் ரொம்ப நல்லவன், உங்க பால்கனிதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தவர். அத்தை இன்னும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆன ஆறாவது மாதம் அந்தப் பால்கனியை இடித்துக் கட்டினார்கள்.

பாட்டிக்குத் தோள்மூட்டில் அறுவை நடந்தபோது கை தூக்கித் தலை வார முடியவில்லை. நர்ஸிடம் கேட்டு, துணியைத் தொங்கவிட்டுப் பழகி, தாத்தா சடை பின்னக் கற்றுக்கொண்டார். வகிடு எடுக்க ஸ்கேல் வைப்பார். கை சரியான பிறகும் விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு பாட்டி ஸ்டூலில் உட்காருவாள், அவர் பின்னால் நிற்பார், "தலைய ஆட்டாத, லெவல் போயிடும்" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பாட்டியின் கட்டிலைத் தூக்கி எதிர் அறையில் போட்டார். "என் குறட்டை உன் தூக்கத்தைக் கெடுக்குது" என்றார். "நாப்பத்தொன்பது வருஷமா கெடுக்காத குறட்டையா?" என்று பாட்டி கேட்டாள். அவர் மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார். காலையில் சடை பின்னுவார், ராத்திரியானால் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பாட்டி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேசும்போது 'உங்க தாத்தா' என்றுதான் சொல்வாள், 'எங்க வீட்டுக்காரர்' என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

இதை எழுதலாமா கூடாதா என்று தெரியாமல்தான் நான் இரண்டு வரியில் நின்றேன். வேறு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க அவர் அறைக்குப் போனேன்.

எங்களுடையது மூன்றாவது மாடி. பாட்டியால் மண்டபத்துக்கெல்லாம் போக முடியாது என்று கூட்டத்தை வீட்டிலேயே வைத்திருந்தோம். கூடத்துக்கும் தாத்தா அறைக்கும் நடுவில் மடிப்புக் கதவு. அதை முழுசாகத் திறந்தால் நாற்பது நாற்காலி போடலாம். அதற்காகக் காலையில் அப்பாவும் அத்தையும் தாத்தாவின் பெரிய இரும்பு அலமாரியை நடைக்குத் தள்ளியிருந்தார்கள்.

பாட்டி தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு.

"என்ன பாட்டி இங்க?"

"ஏன், வரக்கூடாதா? தொரத்தினவர் போயிட்டார். இன்னைக்கு நான் இங்கதான் உக்காருவேன். வர்றவங்க வந்து பாக்கட்டும்."

பக்கத்து மனையில் ஒன்றரை மாதமாகக் கட்டடம் எழுப்பத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புத் தூணைத் தரையில் அடித்து இறக்கும் யந்திரம். டொம். பத்து வினாடி. டொம். ஒவ்வொரு அடிக்கும் மேஜை மேல் பாட்டியின் தண்ணீர் டம்ளரில் வட்டம் ஓடும். பழகிப்போய்விட்டது.

அப்போதுதான் அலமாரி இருந்த இடத்தைப் பார்த்தேன்.

ஜன்னல் மூலையிலிருந்து மேலே விட்டம் வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். அதன் குறுக்கே மூன்று இடத்தில், விரல் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டுகள், இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டியிருந்தன. பக்கத்தில் பென்சிலில் 1, 2, 3 என்று எண், ஒரு தேதி. எல்லாம் தாத்தா கையெழுத்து. மேலே இருந்த இரண்டும் முழுசாக இருந்தன. கீழே மூன்றாவது, குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது.



ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. கடைசி வியாழக்கிழமை. தாத்தா முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். பாட்டி அந்தப் பக்கம் ஜன்னலோரம் நின்றாள். அவர் என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, பாட்டி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சன்னமாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை அலமாரிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாரு. எல்லா ஞாயித்துக்கிழமையும். மறக்காத." நான் "சரி தாத்தா" என்றேன். கையில் போன் இருந்தது. யாருக்கோ பதில் அடித்துக்கொண்டே சொன்ன சரி அது. மாத்திரை மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் அவர் போய்விட்டார். அப்புறம் ஐந்து ஞாயிறு வந்து போயிற்று. நான் ஒரு தடவைகூட அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த டார்ச் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது, ஆணியில், சுவரோரம். 'கரண்ட் போகாத வீட்டுல எதுக்குப்பா டார்ச்'னு நாங்கள் எல்லாரும் கேலி பண்ணிய டார்ச்.

டொம்.

"அப்பா," என்றேன். "அப்பா, இங்க வாங்க."

அப்பா வந்து பார்த்தார். அவர் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை பார்ப்பவர். பார்த்துவிட்டு, ஆசுவாசமாக மூச்சு விட்டார்.

"அட, இதுவா. அது நான்தான். காலையில அலமாரிய நகர்த்தும்போது இடிச்சிட்டேன். டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"நிஜமாவா? கேட்டுச்சா?"

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. அக்கா, உனக்குக் கேட்டுச்சுல்ல?"

"எனக்கு என் இடுப்பு முறிஞ்ச சத்தம்தான் கேட்டுச்சு," என்றாள் அத்தை. "ஏண்டா, நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. இப்ப போயி சுவத்த ஆராய்ச்சி பண்ணிட்டு நிக்கிறீங்க? அப்பா வேற வேலை இல்லாம ஒட்டி வெச்சிருப்பார். ரிட்டயர் ஆகியும் கை சும்மா இருக்காதே அவருக்கு."

"அத்தை, விரிசல் நகருதான்னு பாக்கத்தான் கண்ணாடி ஒட்டுவாங்க. சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும்."

"அதான் உங்கப்பன் இடிச்சேன்னு சொல்றான்ல."

அவ்வளவுதான் கேள்வி. இதை உடைத்தது அப்பாவா, வீடா? அப்பா உடைத்திருந்தால் ஒன்றுமில்லை, நாற்காலியைப் போடலாம். வீடு உடைத்திருந்தால் நாற்பது பேரை இந்த அறையில் உட்காரவைக்கப் போகிறோம்.

பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன அங்க குசுகுசுன்னு?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் அப்பா.

நான் ஜூனியருக்குப் போன் போட்டேன். ஜூனியர் என்றால் ஐம்பத்தெட்டு வயது. இப்போது தாத்தா இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் பொறியாளர் அம்மா. இருபத்திரண்டு வயதில் தாத்தாவுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்ததால் கடைசி வரைக்கும் அவருக்கு இவர் ஜூனியர்தான். வந்துகொண்டிருக்கிறேன், தெருமுனையில்தான் இருக்கிறேன் என்றார். நான் சுவரைப் பற்றிச் சொன்னேன். போனில் அந்தப் பக்கம் நடை ஓட்டமாக மாறுவது கேட்டது.

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு நேரே சுவருக்குப் போனார். ஆணியில் இருந்த டார்ச்சை, அது அங்கேதான் இருக்கும் என்று தெரிந்த மாதிரி, பார்க்காமலே எடுத்தார்.

"அலமாரிய நகர்த்துறப்ப இடிச்சிட்டேங்க," என்று அப்பா ஆரம்பித்தார்.

"எந்தப் பக்கம் நின்னு தள்ளினீங்க?"

"இந்தப் பக்கம்."

"அப்ப அலமாரி அந்தப் பக்கம்தானே போகும். இதுல எப்படி படும்?"

"ஆரம்பத்துல கொஞ்சம் பின்னால சாஞ்சுதுங்க. நான்தான் உடைச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதர் தப்பு தன்னுடையதுதான் என்று வாதாடுவதைப் பார்த்தேன். எனக்கும் அவர் ஜெயிக்க வேண்டும்போல இருந்தது.

ஜூனியர் முகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து டார்ச் அடித்தார். "இங்க வா," என்று என்னைக் கூப்பிட்டார். "அலமாரி இடிச்சிருந்தா பட்ட இடத்துல சில்லு தெறிச்சிருக்கும். இங்க சில்லு இருக்கா?"

"இல்ல."

"விரிசல் போற கோட்டு மேலேயே நறுக்குன மாதிரி விட்டிருக்கு. ரெண்டு துண்டுக்கும் நடுவுல பாரு, பென்சில் முனை போகுது. இப்ப உடைஞ்ச ஓரத்தைப் பாரு. என்ன தெரியுது?"

பார்த்தேன். உடைந்த விளிம்பின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு படலம்.

"தூசி," என்றேன்.

"காலையில உடைஞ்ச கண்ணாடியில தூசி எப்படிம்மா வரும்?"

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் உட்கார்ந்தது அந்தச் சுவரை ஒட்டி என்று உணர்ந்து உடனே எழுந்தார்.

ஐந்து ஞாயிறில் எது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருக்கலாம், நாலாவதாக இருக்கலாம். ஒரு நாள் நான் போய் டார்ச் அடித்திருந்தால் போதும்.

"இது விழுமா?" அத்தை கேட்டாள். கேலி எல்லாம் போய்விட்டது அவள் குரலில்.

"விழும்னு நான் சொல்லல. விழாதுன்னும் என்னால சொல்ல முடியல. சார் ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வெச்சிருந்தார். ஆளை இறக்கு, அப்புறம் யோசி." பக்கத்து மனை தெரியும் ஜன்னலைப் பார்த்தார். "முதல்ல அதை நிறுத்தணும்."

"நான் போறேன்," என்றார் அப்பா. வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாத மனிதர், படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

"சார் நோட்டு ஒண்ணு வெச்சிருப்பார். இருக்கா?" ஜூனியர் கேட்டார்.

நடைக்கு ஓடி அலமாரியைத் திறந்தேன். நடுத்தட்டில், மடித்துவைத்த சட்டைகளுக்கு அடியில், நீல அட்டை போட்ட நோட்டு. பக்கம் பக்கமாக ஞாயிற்றுக்கிழமைகள். அசைவு இல்லை. அசைவு இல்லை. அசைவு இல்லை. நடுவில் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எழுதிய கடிதங்களின் நகல். கீழ் வீட்டில் இருக்கும் அந்தச் செயலாளர், "பெரியவருக்குப் பொழுது போகல" என்று லிஃப்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தது எனக்கே தெரியும். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். கடைசிப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால்: "பக்கத்து மனையில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது கடிதம் கொடுத்தாயிற்று. இனி ஒரு ஞாயிறுகூட விடக்கூடாது. 3 உடைந்தால் எல்லாரையும் இறக்க வேண்டும்."

நான் நோட்டோடு திரும்பி வந்தபோது அத்தை பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா. கொஞ்ச நேரம் கீழ போயிட்டு வந்துடலாம்."

"நான் வரல."

"அம்மா, சுவர் சரியில்லையாம்மா."

"எந்தக் காலத்துல இந்த மனுஷனுக்குச் சுவர் சரியா இருந்துச்சு? நீங்க போங்க. ரெண்டு வருஷமா இந்த ரூம் கதவை என் மூஞ்சிலதான் சாத்தினார். இன்னைக்கு ஒரு நாள் உக்கார்றேன். என்னை விட்டுடுங்க."

"அம்மா, நான் சொல்றேன், எந்திரிங்க," என்றார் ஜூனியர்.

"நீயும் அவரு ஆளுதானே."

டொம். டம்ளரில் வட்டம்.

அப்பா இன்னும் கீழே போய்ச் சேரவில்லை. என் கால் இரண்டும் வாசல் பக்கம்தான் போகப் பார்த்தன. பாட்டி அந்தச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு போக எங்கள் மூன்று பேரால் முடியாது. நான் அவள் முன்னால் தரையில் மண்டியிட்டேன்.

"பாட்டி, உங்களை எந்தத் தேதியில அந்த ரூமுக்கு மாத்தினார்?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"மார்ச் பதினொண்ணு. மத்தியானம்." கொஞ்சமும் யோசிக்கவில்லை அவள். "ஏன், அதையும் அங்க படிக்கப்போறியா?"

நான் நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கம். உரக்கப் படித்தேன்.

"மார்ச் 11. மூன்று இடத்தில் கண்ணாடி ஒட்டியாயிற்று. அவள் கட்டிலை எதிர் அறைக்கு மாற்றியாயிற்று. அந்தப் பக்கச் சுவர் பலமானது. குறட்டை என்று சொன்னேன். நம்பவில்லை, கோபம். உண்மையைச் சொன்னால் என்னையும் இங்கே படுக்க விடமாட்டாள். நான் இங்கேயே இருக்க வேண்டும். உடைந்தால் சத்தம் கேட்கும். அவளை எழுப்பிக் கீழே கூட்டிப்போக மூன்று நிமிடம்."

பாட்டி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, முதல் தடவையாக அந்தச் சுவரைப் பார்த்தாள். 1-க்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள்.

டொம்.

டிக்.

அவ்வளவு சின்னச் சத்தம். நகம் வெட்டுகிற மாதிரி. நாங்கள் நாலு பேரும் அதைக் கேட்டோம். இரண்டாவது கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது.

யாரும் சொல்லாமலே பாட்டி எழுந்தாள்.

"லிஃப்ட் வேண்டாம்," என்றார் ஜூனியர். ஐம்பத்து நாலு படி. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அத்தை. பாட்டி ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள். ஜூனியர் எங்களுக்கு முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "வெளிய வாங்க. எதையும் எடுக்காதீங்க. வெளிய வாங்க." நான் படிகளை எண்ணினேன். முப்பதாவது படியில் பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நின்றோம். எனக்கு மேலே மூன்று மாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு வினாடி தோன்றியது. பாட்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், அல்லது நான் அவளை.

"பயப்படாத," என்றாள்.

"நீங்க பயப்படலையா?"

"பேசாம இறங்கு."

நாற்பதாவது படியில் இருக்கும்போது யந்திரம் நின்றது. பத்து வினாடி, இருபது வினாடி, சத்தமே இல்லை. அது அடித்துக்கொண்டிருந்ததைவிட இது பயமாக இருந்தது. தாத்தா போட்ட கணக்கு மூன்று நிமிடம். எங்களுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

எதிரே ஒரு விளையாட்டுத் திடல். கட்டடத்தில் இருந்த எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள், ஒருத்தர் ஒற்றைச் செருப்போடு. அப்பா யந்திரக்காரரைக் கையோடு கூட்டிவந்திருந்தார். ஜூனியர் ஓரமாக நின்று ஆபீஸுக்கும் தீயணைப்புக்கும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். செயலாளர் அவர் பக்கத்தில் போய், "பெரியவர் சொல்லிட்டேதான் இருந்தார்..." என்று ஆரம்பித்து, பாட்டி பார்ப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாலு மணிக்கு வருகிறவர்கள் சரியாக வந்தார்கள். அதில் விரிசல் சாரோடு வேலை பார்த்த கிழவர்கள் ஏழெட்டுப் பேர். விஷயத்தைக் கேட்டதும் ஒருத்தர்கூட என்ன ஆச்சு என்று பதறவில்லை. வரிசையாக நின்று மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

யாரோ பாட்டிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துப் போடச்சொன்னாள்.

"அந்தப் பேப்பர் வெச்சிருக்கியா?" என்று என்னைக் கேட்டாள்.

ஜீன்ஸ் பாக்கெட்டில் கசங்கி இருந்தது. எடுத்துப் படித்தேன். "என் தாத்தா நல்ல மனிதர். பாட்டி மேல் உயிரையே..."

"'நல்ல மனிதர்'ங்கறதை அடிச்சிடு. ரெண்டு வருஷம் என்கிட்ட பொய் சொன்னார்னு எழுது." மூச்சு வாங்கினாள். "எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் அதுக்கடியில தனியா படுத்துக் கிடந்திருக்கார். ஒரு ராத்திரிகூடத் தூங்கியிருக்கமாட்டார். காலையில எந்திரிச்சு வந்து, தலைய ஆட்டாதன்னு எனக்குச் சடை பின்னியிருக்கார். அதையும் எழுது."

நான் எழுதவில்லை. படியில் இறங்கும்போது அவள் சடை அவிழ்ந்து தோளில் கிடந்தது. பின்னால் போய் நின்று அதைக் கையில் எடுத்தேன். விரலாலேயே வகிடு எடுத்து மூன்றாகப் பிரித்தேன்.

திடலில் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யந்திரம் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. நூறு பேர் ஒரு சின்னச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மேலே இன்னும் ஒரு கண்ணாடி பாக்கி இருந்தது.

"வகிடு கோணலா போகுதா?" பாட்டி கேட்டாள்.

"ஆமா பாட்டி."

"போகட்டும். நீ அங்க பாரு," என்றாள், தலையை ஆட்டாமல்.

நான் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.